பூட்டின வீடு: பள்ளத்தூர் நாட்குறிப்பு

நவம்பர் 8

நேற்று ராத்திரியும் கேட்டது. வளவு முற்றத்துக்கு வடக்கே பூட்டிக் கிடக்கிற உள்வீட்டு அறைப் பக்கம். மணிப்பூட்டில் சாவி திரும்பும்போது மணி அடிக்குமே, அந்தச் சத்தம். ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. அது இரண்டு சுற்றுப் பூட்டு. அப்பத்தா விழித்திருப்பது மூச்சிலேயே தெரிந்தது. "கேட்டுச்சா?" என்றேன். "படு ஆத்தா, காலையில பேசிக்கலாம்" என்றார். காலையில் பேசவில்லை.

நவம்பர் 9

மழை. கரண்ட் இல்லை.

நவம்பர் 11

இந்த வீட்டில் ராத்திரியில் கேட்கிற சத்தங்களில் காரணம் தெரிந்ததையெல்லாம் முதலில் ஒதுக்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பட்டாலைக் கூடத்துத் தூண்கள் பர்மாத் தேக்கு. பகல் சூடு இறங்கும்போது மரம் முறியும், யாரோ விரலைச் சொடுக்குகிற மாதிரி. மழைக்காலத்தில் கதவுகள் ஊதிக்கொள்ளும், காற்றடித்தால் திறக்காமல் முனகும். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் வளவுக்குள்தான் தண்ணீரைக் கொட்டுகிறது. அது தரைக்கடியில் போகிற வடிகாலில் இறங்கித் தெருவுக்கும் ஊருணிக்கும் போகும். வடிகாலில் இலை அடைத்தால் மழை விட்டபிறகும் வெகுநேரம் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றுவது போலக் கேட்கும். சின்ன வயதில் லீவுக்கு வந்தபோதே இதெல்லாம் எனக்குப் பழக்கம்.

மணிச் சத்தம் இதில் எதிலும் சேரவில்லை. அந்த உள்வீட்டுச் சாவி பினாங்கில் இருக்கிறது.

நவம்பர் 12

ஒரு மணிக்கு மேல் சோறு வேகிற வாசம். சீரகச் சம்பா. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டு அடுப்படியிலிருந்துதான் வருகிறது. அங்கே அடுப்புப் பற்றவைத்தே பல வருஷம் ஆகிறது. இரண்டாம் கட்டில் கேஸ் அடுப்பு வைத்துத்தான் சமைக்கிறோம்.

அப்பத்தா எழுந்து உட்கார்ந்து, "எங்க மாமியா உலை வச்சிருக்காக" என்றார். பக்கத்து வீட்டுச் சேதி சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக.

அப்புறம் விடியும்வரை பேசினார். அவருடைய மாமனார் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர். மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்ப வேண்டிய நேரம். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போனது. காட்டுவழியாக நடந்து வந்து சேர்ந்தவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர். இவர் வரவில்லை. நடந்து வருகிறவர் எந்த நேரத்தில் வந்தாலும் பசியோடுதான் வருவார் என்று அந்த அம்மா ராத்திரி ஒரு உலை வைப்பார்களாம், யுத்தம் முடிந்த பிறகும். அப்பத்தா கல்யாணமாகி வந்தபோதும் அது நடந்துகொண்டிருந்தது. காலையில் அந்தச் சோற்றில் நீராகாரம் கரைத்து எல்லோருக்கும் கொடுப்பார்களாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நவம்பர் 13

பெரியப்பச்சி போன். டிசம்பர் 1 எல்லாரும் வருகிறார்கள். கையெழுத்து மறுநாள். அப்பத்தாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 16

கோலமாவை எடுத்து மூன்றாம் கட்டு அடுப்படி வாசலிலும், வடக்கு உள்வீட்டு நிலைவாசல் முன்னாலும் பரவலாகத் தூவிவைத்துப் படுத்தேன்.

அடுப்படி வாசலில் காலடி. ஐந்து விரல். பூனைக்குத் தரையில் நாலுதான் பதியும். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "மரநாய்ம்மா. ஓட்டு மேல இருந்து இறங்குது. அதுட்ட வர்ற வாசமே சோறு வேகுற வாசந்தான்" என்றார். பரணில் சப்போட்டாக் கொட்டையும் எச்சமும் கிடந்தன. பயம் போனது. பயத்தோடு வேறு ஏதோவும் போனது போல வயிற்றில் ஒரு காலி. பகலெல்லாம் அழுகை முட்டிக்கொண்டே இருந்தது.

அப்பத்தாவிடம் சொன்னேன். "சரி, மரநாய்தான். ஊர்ல இத்தனை வீடு பூட்டிக் கெடக்கு, அது ஏன் இந்த அடுப்படிக்கு வருது?"

வடக்கு நிலைவாசலில் தூவிய மாவு தூவியபடியே இருந்தது. ராத்திரி மணி கேட்டது.

நவம்பர் 19

பழைய கட்டடத்து ஆவி, அதைத் துப்பறிகிற ஒரு பெண், பக்கத்தில் பலகாரத் தட்டு, கடைசியில் எல்லோரும் நலம். இப்படிப்பட்ட கதைகள் எனக்கு உயிர். வேலை போன வருஷத்தில் அவைதான் என்னைத் தூக்கி நிறுத்தின. இப்போது யோசித்தால் ஒன்று இடிக்கிறது. அந்தக் கதைகளில் வெளியூரிலிருந்து ஒருத்தி வந்து வீட்டை வாங்குவாள், அல்லது உயிலில் அவள் ஒருத்தி பேருக்கே வரும். ஆவிக்கு ஒரு குறை இருக்கும். அதைத் தீர்த்ததும் போய்விடும். வீடு அவளுடையது.

இங்கே வீடு யாருடையது? ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு. அவரவர் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள். ஒரு ஓடு மாற்ற சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு எல்லாம் சம்மதிக்க வேண்டும். இதில் ஆவிக்கு மட்டும் பங்கு எழுதவில்லை. ஆனால் இந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூடப் போகாத ஆள் அது ஒன்றுதான்.

ஆவி போவதுதான் நல்ல முடிவு என்று அந்தக் கதைகள் ஏன் வைத்துக்கொள்கின்றன? நம்மிடம் படைப்பு என்று ஒன்று இருக்கிறது. இறந்துபோனவர்களுக்குச் சேலை வைத்து, சமைத்துப் போட்டு, வருஷா வருஷம் வாருங்கள் என்று கூப்பிடுகிறோம். போங்கள் என்று சொல்வதில்லை. எங்கள் வீட்டில் படைப்பு நின்று பல காலம். பங்காளிகளை ஒரே நாளில் கூட்ட முடியவில்லை.

விற்பதற்கு மட்டும் கூட்ட முடிகிறது.

நவம்பர் 20

அப்பத்தா இரண்டு இடியாப்பம்கூடச் சாப்பிடவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 23

மாத்திரை வாங்கக் காரைக்குடி. திரும்பும்போது, இடித்த வீட்டுப் பழஞ்சாமான் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெரு வழியாக வந்தேன். வந்திருக்கக் கூடாது என்று நினைக்கவில்லை, பார்க்க வேண்டியதுதான். தூண்கள் வெயிலில் சாத்தியிருக்கின்றன. இனாமல் தூக்குச்சட்டிகள் குவியலாக. கஜலட்சுமி செதுக்கின நிலை ஒன்று, மஞ்சள் குங்குமத் தடம் இன்னும் போகாமல். ஏதோ ஒரு வீட்டு ஆச்சி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சள்.

ஆத்தங்குடித் தரைக்கல்லைத் திரும்ப வார்த்துவிடலாம். கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி இன்றைக்கும் கையால்தான் செய்கிறார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த எங்கள் முகப்புச் சுவரை யார் இழைப்பது? கன்னம் வைத்தால் இந்த வயதிலும் குளிர்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் ஒரு கடப்பாரையையும் தடுக்காது.

நவம்பர் 24

இரண்டு தடவை. எப்போதும் போல.

நவம்பர் 28

அப்பத்தாவுக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை. மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மத்தியானம் கும்மாயம் கிண்டிக் கொடுத்தேன், கொஞ்சம் சாப்பிட்டார். "அந்த உள்வீட்டைத் தொறந்தா மாமியா பெட்டி இருக்கும். எங்கிட்ட காட்டாம எதையும் தூக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். என் சரிக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு இருக்கிறதோ.

டிசம்பர் 1

வந்துவிட்டார்கள். பட்டாலை நிறைய ஆட்கள், செருப்புகள், சார்ஜர்கள். பிள்ளைகள் வளவைச் சுற்றி ஓடுகின்றன. வீடு அதற்காகக் கட்டியது என்று அப்போதுதான் தெரிகிறது.

பினாங்கு அண்ணன் வடக்கு உள்வீட்டைத் திறந்தார். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினார். சத்தமே இல்லை. இன்னொரு சுற்று. சத்தமில்லை.

"மணி அடிக்கலையேண்ணே."

"இது எங்க அடிக்கும்? மணி கழண்டு போயி எவ்வளவோ காலமாச்சு. நான் சின்னப் பையனா இருந்தப்பவே அடிக்காது."

பூட்டை வாங்கிப் பார்த்தேன். மணி இருந்த இடத்தில் துருப்பிடித்த குழி மட்டும். அப்பத்தா அறையையோ பூட்டையோ பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியில் ஒரு கண்டாங்கிச் சேலை. மடிப்பில் இற்றிருக்கிறது. ரங்கூன் முத்திரை குத்திய கடித உறைகள் ஒரு கட்டு. இன்னும் படிக்கவில்லை, அப்பத்தா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 2

கையெழுத்து இன்று நடக்கவில்லை. பேனா எடுத்ததும் அப்பத்தா ஒன்றே ஒன்று கேட்டார்: விற்பதற்கு முன்னால் ஒரு படைப்பு, எல்லாப் புள்ளியும் இருந்து, மூன்றாம் கட்டில் அடுப்புப் பற்றவைத்து. பெரியப்பச்சி பேனாவை மூடிவிட்டார். நாள் பார்த்துச் செய்வோம் என்கிறார். அவர் கண் கலங்கியதைப் பிள்ளைகளெல்லாம் பார்த்தார்கள். பினாங்கு அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை விமானம், டிக்கெட்டை மாற்ற முடியாது என்கிறார். கோயம்புத்தூர்க்காரர்கள் வாயே திறக்கவில்லை. வாங்க வந்தவர் தை வரைதான் பொறுப்பாராம்.

மூன்றாம் கட்டில் ஓடு ஒழுகுகிறது, இப்படியே அங்கே சமைக்க முடியாது. நாளை காலை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். பணத்தை யார் கொடுப்பது என்று இன்னும்