ஈரி ஏரிக்கரையில் ஒரு நவம்பர் வாரம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகருக்குத் தெற்கே உள்ள ஹாம்பர்க்கில் நாங்கள் குடியேறிய முதல் குளிர்காலம் அது. 2022 நவம்பர் 17, வியாழக்கிழமை மாலையில் தொடங்கிய பனிப்பொழிவு விட்டும் விடாமலும் ஞாயிறு வரை நீடித்தது. அது ஓய்ந்தபோது எங்கள் ஊரிலும் அடுத்துள்ள ஆர்ச்சர்ட் பார்க்கிலும் 80 அங்குலப் பனி, நம் கணக்கில் 2 மீட்டருக்கும் கூடுதலாக, விழுந்திருந்தது. நகருக்கு வடக்கே, காரில் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய ஆம்ஹர்ஸ்ட்டில் அதில் சிறு பங்குதான் விழுந்தது. இரண்டும் ஒரே ஈரி கவுண்டிக்குள், நம் கணக்கில் ஒரே மாவட்டத்துக்குள், இருக்கும் ஊர்கள். இவ்வளவு அருகருகே இப்படிப்பட்ட வேறுபாடு ஏன் வந்தது என்று அறிந்துகொண்ட பிறகுதான் இந்த ஊரில் வாழ்வதற்கு வேண்டிய அடிப்படை எனக்குப் பிடிபட்டது. புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 2,44,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையவை. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. அலை அடிக்கும், மணல் இருக்கும், உப்பு மட்டும் இருக்காது. ஐந்தில் ஈரி ஏரிதான் ஆழம் குறைந்தது. அதன் சராசரி ஆழம் 19 மீட்டர். ஆழம் குறைவு என்பதால் கோடையில் விரைவாகச் சூடேறுகிறது, குளிர்காலத்தில் மற்ற ஏரிகளைவிட முன்னதாக உறைகிறது. சூடு மிஞ்சியிருக்கும் இலையுதிர்காலத்துக்கும் உறைபனி மூடும் நடுக்குளிர்காலத்துக்கும் இடைப்பட்ட வாரங்களே இந்தக் கரைக்கு மிகக் கடினமானவை. அந்த நவம்பரில் ஏரி நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. அதன்மேல் கனடாவின் வடக்கிலிருந்து உறைநிலைக்கு வெகுவாகக் கீழே உள்ள காற்று வந்து பாய்ந்தது. ஏரி நீருக்கும், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றுக்கும் இடையே 13 டிகிரி வேறுபாடு இருந்தாலே இத்தகைய பனி உருவாகப் போதும் என்று வானிலையாளர்கள் கொள்கிறார்கள்.

கடலூரில் வளர்ந்த எனக்கு இதன் அடிப்படை புரியாத ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் கொட்டுவது போலவே, இங்கே குளிர்காற்று ஏரியின் ஈரத்தையும் வெப்பத்தையும் அள்ளிவந்து கிழக்குக் கரையில் பனியாக இறக்குகிறது. ஆனால் ஈரி ஏரிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 388 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அந்த நீளத்தின் கிழக்கு முனையில்தான் பஃபலோ அமைந்திருக்கிறது. காற்று ஏரியின் நீளவாக்கிலேயே வீசினால், அது முழு நீளத்துக்கும் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு அடர்ந்த மேகப் பட்டையாகத் திரள்கிறது. அந்தப் பட்டை நீளமானது, ஆனால் அகலம் சில பத்துக் கிலோமீட்டர் அளவே. காற்றின் திசை சிறிது மாறினாலும் பட்டை வடக்கே ஏறும், அல்லது தெற்கே இறங்கும். பட்டைக்கு உள்ளே இருப்பவருக்குக் கை நீட்டினால் விரல் தெரியாது. வெளியே இருப்பவருக்கு வெயில் காயும். இங்குள்ளவர்கள் நகருக்குத் தெற்கே உள்ள ஊர்களைச் சவுத்டவுன்ஸ் என்றும் வடக்கே உள்ளவற்றை நார்த்டவுன்ஸ் என்றும் பிரித்தே பேசுகிறார்கள். வீடு வாங்கும்போதுகூட, பள்ளிக்கூடத்தை விசாரிப்பதைப் போலவே, இந்தப் பட்டை எங்கே அடிக்கடி விழும் என்பதையும் விசாரிப்பவர்கள் உண்டு.

எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே வந்துவிட்டது. தேசிய வானிலைச் சேவையின் பஃபலோ அலுவலகம் அடி கணக்கில் பனி விழும் என்று சொல்லியிருந்தது. ஆளுநர் கேத்தி ஹோக்கல் வியாழக்கிழமையே அவசரநிலையை அறிவித்தார். நெடுஞ்சாலையில் லாரிகள் தடுக்கப்பட்டன. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், இளமையில் லாக்கவன்னாவின் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர், புதன்கிழமையே வந்து எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பனி அள்ளும் ஷவலைக் காரேஜில் வைக்காமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வழியில்லாமல் போனால் உள்ளிருந்துதான் தோண்ட வேண்டியிருக்கும் என்றார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து சுவர் வழியே வெளிவரும் இரண்டு வெள்ளைக் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அவற்றின் அருகே உயரமான ஒரு கம்பை நட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னவற்றில் மிக முக்கியமானது அதுதான். ஒரு குழாய் காற்றை உள்ளிழுக்கிறது, மற்றது எரிந்த புகையை வெளியேற்றுகிறது. பனி அவற்றை மூடிவிட்டால் ஃபர்னஸ் நின்று வீடு குளிர்ந்துபோகும். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கினால் உயிரே போகும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும், அதன் பேட்டரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை, கார்த்திகை முதல் நாள், மனைவி விளக்கேற்றி வைத்திருந்தாள். இரவு இடி இடித்தது. பனி பொழியும்போது இடி இடிக்கும் என்று நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. மேகப் பட்டை அவ்வளவு வலுவாக மேலெழும்போது, கோடை மழைமேகத்தில் நடப்பதே பனிமேகத்திலும் நடக்கிறது. மின்னல் வெட்டும்போது தெரு முழுவதும் ஊதா கலந்த வெண்மையில் ஒளிர்ந்தது; இடியோசையைப் பனி விழுங்கிக்கொண்டதால் அது தொலைவில் எங்கோ உருளுவதுபோல் கேட்டது. மணிக்கு 3 அங்குலம் என்ற அளவில் பெய்தால் என்ன ஆகும் என்பதை ஜன்னலுக்கு வெளியே இருந்த தோட்ட நாற்காலி காட்டிக்கொண்டிருந்தது: முதலில் இருக்கை மறைந்தது, பிறகு கைப்பிடி, விடிவதற்குள் முதுகுச்சட்டமும் மறைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முன்கதவைத் திறக்க முடியவில்லை. வெளிப்புறமாகத் திறக்கும் கண்ணாடிக் கதவின் நெஞ்சளவுக்குப் பனி அணைந்து நின்றது. கீழ்த்தள ஜன்னல்கள் மூடிப்போனதால் பகல் எட்டு மணிக்கும் அறைக்குள் மங்கல். பின்பக்கத்துச் சறுக்குக் கதவைத் திறந்து, பனிச்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, அந்தக் கம்பைக் குறிவைத்துக் குழாய்கள் இருக்கும் இடம்வரை ஒரு பள்ளம் தோண்டினேன். பகல் முழுவதும் மீண்டும் மீண்டும் போய் அந்தப் பள்ளத்தைத் திறந்துவைப்பதே வேலையாக இருந்தது. ஆம்ஹர்ஸ்ட்டில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “இங்க வானம் வெளுத்துக் கெடக்குப்பா, அங்க எப்படி?” என்று கேட்டார். படம் எடுத்து அனுப்பியபோது அவரால் நம்ப முடியவில்லை. “பால், மருந்து எதாவது வேணும்னா சொல்லு” என்றவர், உடனே, எப்படிக் கொண்டுவருவது என்று தாமே வருந்தினார். வாகனங்களுக்குத் தடை இருந்தது; கார் தெருவில் மாட்டிக்கொண்டால் அதுவே ஆம்புலன்சுக்கும் பனி அள்ளும் வண்டிக்கும் தடையாகிவிடும் என்பதால் அந்தத் தடையை இங்கே எல்லாரும் கண்டிப்பாக மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்று காலையில் கவுண்டி நிர்வாகத் தலைவர் மார்க் பொலன்கார்ஸ் இரண்டு மரணங்களை அறிவித்தார். இரண்டுமே பனியை அகற்றும் உழைப்பால் வந்த இதயக் கோளாறு. இதை நம்மவர்கள் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே இதயநோய் வருவது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. நாளெல்லாம் கணினி முன் அமர்ந்து வேலை பார்த்துவிட்டு, குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான பனியை இடுப்புக்கு மேல் தூக்கி வீசும்போது இதயத்தின் மேல் ஏறும் பாரம் சிறிதல்ல. தூக்காமல் தள்ளுங்கள், ஷவலில் பாதிக்கு மேல் அள்ளாதீர்கள், சாப்பிட்ட கையோடு இறங்காதீர்கள், நெஞ்சிலோ தாடையிலோ இடக்கையிலோ வலி எடுத்தால் உடனே நிறுத்திவிட்டு உள்ளே போய் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். நாற்பதைக் கடந்தவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பவர்கள், காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

வீட்டுக்குள் வாழ்க்கை ஒருவாறு ஓடியது. மின்சாரம் எங்கள் தெருவில் நிற்கவில்லை. அரிசியும் பருப்பும் இருக்கும் வீட்டில் பசி கிடையாது. தயிரும் காய்கறியும்தான் முதலில் தீர்ந்தன. இட்லி மாவைச் சமையலறை மேடையில் வைத்தால் இந்தக் குளிரில் புளிக்காது என்பதால், அடுப்பை மூட்டாமல் ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைப்பது இங்குள்ள தமிழ் வீடுகளின் வழக்கம். ஊரிலிருந்து அம்மா அழைத்துக்கொண்டே இருந்தார். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூரைச் சூறையாடியபோது நான் வெளியூரிலிருந்து அவரை அழைத்துக்கொண்டே இருந்தது எனக்கு நினைவில் இருக்கிறது. பயப்படாதே என்று சொல்வது எவ்வளவு எளிது, கேட்பவருக்கு அது எவ்வளவு போதாது என்பது அப்போதே தெரிந்ததுதான்.

சனிக்கிழமை காற்று திரும்பியது. பட்டை வடக்கே நயாகரா பக்கம் நகர, எங்கள் ஊரில் திடீரென்று வெளிச்சம் வந்தது. தெரு என்று ஒன்று இருந்த அடையாளம் இல்லை. சாதாரணமாகப் பனியை ஒதுக்கும் வண்டிகளால் இந்த உயரத்தைத் தள்ள முடியாது. தள்ளிவைக்க இடமும் இல்லை. மண் அள்ளும் பெரிய லோடர்களைக் கொண்டுவந்து, பனியை அள்ளி டிப்பர் லாரிகளில் ஏற்றித்தான் அகற்றினார்கள். ஆர்ச்சர்ட் பார்க் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய பஃபலோ பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்தாட்டம் டெட்ராய்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்தது. விமானத்தைப் பிடிக்க வேண்டிய வீரர்களில் பலர் எங்கள் சுற்றுவட்டாரத்தில்தான் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீடுகளிலிருந்து வெளியே வர, அக்கம்பக்கத்தார் ஷவலும், பனியை வாரி வீசும் ஸ்னோ ப்ளோவர் எந்திரமுமாகச் சேர்ந்து வழி வெட்டிக் கொடுத்தார்கள். பில்ஸ் அந்த ஆட்டத்தில் 31-க்கு 23 என்று வென்றது. எங்கள் தெருவிலும் அதே வேலைதான் நடந்தது. ஒரு வீட்டு வழியை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்; யார் யாருக்குச் செய்கிறார்கள் என்ற கணக்கே இல்லை. பெயர் தெரியாமல் கையசைத்துக் கடந்துபோன முகங்களோடு நான் முதன்முதலாக நின்று பேசியது அன்றுதான். தெருமுனைத் தீயணைப்புக் குழாயைத் தேடிக் கண்டுபிடித்துச் சுற்றித் தோண்டும் வேலையைச் சிறுவர்களிடம் கொடுத்திருந்தார்கள். தீப்பிடித்தால் அதைத் தேட நேரமிருக்காது.

அடுத்த வார நடுவில் வெப்பம் உறைநிலைக்கு மேல் ஏறி, தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நவிலும் நாளில் கூரையிலிருந்து நீர் சொட்டியது. இனி எந்தப் பனியையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்த வாரம் பலருக்கு வந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பனியின் உயரம் பெரிதல்ல, காற்றைப் பாருங்கள் என்றார். 1977 ஜனவரி 28 அன்று பஃபலோவைத் தாக்கிய பனிப்புயலை அவர் நேரில் கண்டவர். அந்த ஆண்டு ஈரி ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. உறைந்த ஏரியின் மேல் வாரக்கணக்கில் உதிரியாகச் சேர்ந்திருந்த பனியைப் புயல்காற்று வாரி நகரத்தின் மேல் வீசியது. வானத்திலிருந்து புதிதாக விழுந்த பனி அதிகமில்லை. இறந்தவர்கள் 29 பேர்.

அவர் சொன்னதன் பொருள் ஒரு மாதம் கழித்து, 2022 டிசம்பர் 23 அன்று தெரிந்தது. அன்று காலை சில மணி நேரத்துக்குள் வெப்பம் செங்குத்தாக இறங்கியது; காற்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. எதிரே எதுவும் தெரியாத அந்தக் கடும்புயல் 37 மணி நேரம் நீடித்தது. வாகனத் தடை காலை 9.30 மணிக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். பஃபலோ விமான நிலையத்தில் பதிவான பனி சுமார் 52 அங்குலம், எங்கள் நவம்பர் பனியைவிடக் குறைவு. ஆனால் மீட்பு வண்டிகளே மாட்டிக்கொண்டன. கார்களிலும் தெருவிலும் குளிர்ந்த வீடுகளிலும் 47 பேர் இறந்தார்கள். அதே நாளில், பஃபலோவை அடுத்த வில்லியம்ஸ்வில்லில் வண்டி பள்ளத்தில் இறங்கி, ஷவல் கேட்டுக் கதவைத் தட்டிய தென்கொரியச் சுற்றுலாப் பயணிகளை ஒரு தம்பதியினர் உள்ளே அழைத்து, புயல் தணியும்வரை வீட்டிலேயே தங்கவைத்தார்கள். கதவைத் திறக்க ஒருவர் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

ஆகவே இந்தக் கரைக்கு வருகிறவர்கள், எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்க வேண்டாம். காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் வீசும், ஏரி உறைந்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்று வானிலை அறிக்கையில் பாருங்கள். அக்டோபர் முடிவதற்குள் ஃபர்னஸ் குழாய்களுக்கு அருகே கம்பை நட்டுவிடுங்கள். காரில் கம்பளி, தண்ணீர், டார்ச், ஒரு சிறிய ஷவல் இருக்கட்டும்; பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் காரைவிட்டு இறங்கி நடக்காதீர்கள், எஞ்சினை ஓட்டும் முன் புகைபோக்கும் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்பதையும் பனி வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.