ரேச்சல் கார்சன் சொன்னதும் சொல்லாததும்

அமெரிக்க உயிரியலாளரும் எழுத்தாளருமான ரேச்சல் கார்சன் என்றாலே 'டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்குத் தடை வாங்கித் தந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் விஷம் போன வழியைத் தேடிப்போன விதம்தான் எனக்குப் பெரிது.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல டிடிடி அடித்தார்கள். மருந்து இலையில் ஒட்டியது, இலை உதிர்ந்தது, மக்கிய இலையை மண்புழு தின்றது, வசந்தத்தில் திரும்பி வந்த ராபின் பறவைகள் மண்புழுவைத் தின்று, அப்புறம் நடுங்கி நடுங்கிச் செத்து விழுந்தன. பெரிய மண்புழுக்கள் 11 இருந்தால் ஒரு ராபின் சாகும். அதற்கு அது சில நிமிஷத் தீனி.

இதையெல்லாம் 1962-ல் 'சைலண்ட் ஸ்பிரிங்' புத்தகத்தில் எழுதினார். வரும் முன்பே ஒரு ரசாயன கம்பெனி வழக்குப் போடுவோம் என்று பதிப்பாளரை மிரட்டியது. அப்போது அவருக்கு மார்பகப் புற்றுநோய். தெரிந்தால் 'சொந்தக் கோபத்தில் எழுதினார்' என்பார்களே என்று வெளியே சொல்லவே இல்லை. அந்த உடம்போடுதான் 1963 ஜூனில் செனட் குழுமுன் போய்ச் சாட்சி சொன்னார். அடுத்த ஏப்ரலில், 56 வயதில் இறந்துபோனார். அமெரிக்காவில் தடை வந்தது 1972-ல்.

கொசுவைக் கொல்லும் டிடிடியை இவர்தான் நிறுத்த வைத்தார் என்று, இன்னமும் சிலர் மலேரியாச் சாவுகளை இவர் தலையில் கட்டுகிறார்கள். கோபமாக வருகிறது. பூச்சிக்கொல்லியே கூடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கண்டபடி அடித்தால் கொசு அதற்குப் பழகிவிடும், பிறகு மலேரியாக் கொசுவைக் கொல்லவே அந்தப் பூச்சிக்கொல்லி உதவாது என்று அதே புத்தகத்தில் எச்சரித்திருக்கிறார். படித்துவிட்டுப் பேசுங்கள்.