ஒற்றைச் செருப்பும் பவானி ஆறும்

கொடிவேரியில் சின்னவனின் செருப்பு ஒன்று ஆற்றோடு போய்விட்டது. அன்றைய நாளில் அவனுக்கு நினைவிருப்பது அது மட்டும்தான்.

ஈரோட்டிலிருந்து பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வர இடம் கேட்டால் எல்லாரும் ஊட்டியையோ ஏற்காட்டையோதான் சொல்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் யார் முதலில் வாந்தி எடுப்பது என்று பார்த்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. ஆறுதான் வசதி. பவானிசாகரில் ஆற்றைப் பிடித்து, கூடுதுறையில் காவிரியிடம் சேர்த்துவிட்டு, பொழுதோட வீடு திரும்பிவிடலாம்.

விடியுமுன்னே அம்மா தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு கட்டிவிட்டாள். அரிசிம்பருப்பு சோறு வேண்டும் என்ற மகளிடம், "அது ஆறிப்போனா வாயில வெக்க முடியாது சாமி" என்று அதோடு பேச்சை முடித்தாள்.

பவானிசாகரில் இறங்கியதும் சின்னவன் கேட்டது: "அணை எங்கம்மா?" அவன் கேட்டதிலும் தப்பில்லை. எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் அணை, கீழே நின்று பார்த்தால் ஏதோ நீளமான கரடு மாதிரிதான் தெரியும். 1955-இல் கட்டி முடித்தது. மாயாறும் பவானியும் அதற்குப் பின்னால்தான் சேர்கின்றன. டணாய்க்கன் கோட்டை அந்தத் தண்ணீருக்குள் கிடக்கிறது. நீர் நன்றாக வற்றினால் அங்கிருக்கும் பழைய கோயில் வெளியே தெரியும். பூங்காவில் ஊஞ்சல், சறுக்கு. ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம் கொடிவேரி. ஆற்றுக்குக் குறுக்கே கல் தடுப்பு, அதன் மேல் அகலமாக வழிந்து விழும் தண்ணீர். உயரம் அதிகமில்லை. சுவரோடு முதுகை ஒட்டி நின்றால் தோளில் யாரோ இரண்டு கையாலும் குத்துவது போல இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் கேட்காது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனவள், அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை. முட்டிவலிக்கு இதைவிட மருந்து கிடையாதாம்.

இந்த அணையிலிருந்துதான் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகின்றன. சுமார் 24,500 ஏக்கர் பாசனம். கோபி பக்கம் கண்ணுக்கு எட்டியவரை நெல் வயலாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். ஞாயிறு மத்தியானம் கால் வைக்க இடம் இருக்காது. ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பாறை வழுக்கும், பிள்ளைகளைக் கைவிட வேண்டாம். நான் பிள்ளையைப் பிடித்திருந்தேன், செருப்பை விட்டுவிட்டேன். நீலச் செருப்பு, இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுரைக்குள் போய்விட்டது.

அழுகையை நிறுத்த அவனுடைய அக்காதான் வழி சொன்னாள்: "இந்த ஆறு கூடுதுறைக்குத்தான்டா போகுது. நாமளும் அங்கதான போறோம்?"

கரையில் மீன் வறுவல் வாசனை. "கோயிலுக்குப் போறதா இருந்தா மீனைத் தொடப்படாது" என்றாள் அம்மா. அவள் சொல்லி முடிக்கும் முன்பே நாங்கள் மூன்று பேரும் தட்டை வாங்கிவிட்டோம். புளிச்சோற்றுக்கு ஜிலேபி மீன் அப்படிப் பொருந்தும்.

வழியில் கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை இரண்டு கிலோ. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்துதான் சர்க்கரை போகிறது.

பவானி ஊருக்குள் ஒரு சந்தில் தறிச் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினேன். "உள்ள வாங்க அம்மிணி, பார்க்கறதுக்கு என்ன" என்றார் ஒரு பெரியவர். குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார்கள். அகலமான ஜமக்காளம் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர். இவர் தள்ளும் நாடாவை அவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் எழுந்து டீ குடிக்கப் போனால் மற்றவரும் சும்மா இருக்க வேண்டியதுதான். பெரியவரின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பேசும்போதெல்லாம் அது ஆடியதை மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் விசைத்தறியில் நெய்ததையும் அதே பேரில் விற்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். சிவப்புப் பட்டை போட்ட ஒன்றை வாங்கிக்கொண்டோம்.

கூடுதுறையில் அம்மா மட்டும் சங்கமேஸ்வரரைப் பார்க்கப் போனாள். வேதநாயகி அம்மன் சின்னப் பெண்ணாக வந்து எழுப்பி வெளியே கூட்டிவந்ததால், இடிந்த வீட்டிலிருந்து உயிர் தப்பினாராம் வெள்ளைக்கார கலெக்டர் வில்லியம் காரோ. அவர் 1804-இல் கொடுத்த தந்தக் கட்டில் உள்ளே இருக்கிறது. மீன் தின்ற நாங்கள் படித்துறையில் உட்கார்ந்து கதையை மட்டும் பேசிக்கொண்டோம்.

சின்னவன் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூடுதுறைக்குச் சற்று மேலேயே காலிங்கராயன் அணை இருக்கிறது, 1283-இல் முடிந்த வாய்க்கால் அங்கே தொடங்குகிறது என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப என் செருப்பு வாய்க்கால்ல திரும்பியிருக்குமா?"

"திரும்பியிருந்தா கொடுமுடி தாண்டிப் போகும்" என்றாள் அக்கா.

கோயில் வாசலில் அம்மா புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டான். பழைய ஒற்றையைத் தூக்கிப்போட மட்டும் விடவில்லை. அடுத்து கொடுமுடிக்கு எப்போது போகிறோம் என்று கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.