சாக்கும் மரக்காலும்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்தான். 1987, ஐப்பசி அடைமழை. மன்னார்குடிக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பாதிப் பேர் காலில் சேறு காயவில்லை. கரண்டும் இல்லை.

அன்றைக்கு டைட்ரேஷன்: ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது. அடியில் திருகு வைத்த அளவுக் குழாயான பியூரெட்டில் ஆக்சாலிக் அமிலம், உறிஞ்சி அளந்து எடுக்கும் பிப்பெட்டில் 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். காரத்தை பியூரெட்டில் விட்டால் கண்ணாடித் திருகு இறுகிப் போகும் என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். பிப்பெட்டில் அளந்ததைக் குடுவையில் விட்டு, நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டதும் நல்ல ரோஸ் நிறம். அமிலத்தை விட விட அது வெளுத்துக்கொண்டே வந்து, ஒரு சொட்டில் மறைந்துவிடும்.

நிறம் மறைய எனக்கு 20.1, 20.4, 19.9 மில்லி அமிலம் என்று வந்தது. பக்கத்து மேஜையில் எல்லாருக்கும் 19.4. சார் என் நோட்டைப் பார்த்தார். குடுவையைத் தொடக்கூட இல்லை. "எதை ஊத்திக் கழுவினே?" என்றார்.

"சோடியம் ஹைட்ராக்சைடு, சார்."

பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதனதன் கரைசலால் அலசச் சொன்னார்களே, குடுவையையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

"உங்க வீட்டுல களத்துல நெல்லு அளப்பாங்கல்ல? மரக்காலால அளந்து சாக்குல கொட்டறாங்க. சாக்குல ஏற்கெனவே நாலு பிடி நெல்லு கிடந்தா?"

"கணக்கு கூடும், சார்."

"சாக்கு ஈரமா இருந்தா?"

"மரக்கால் கணக்கு மாறாது, சார்."

"பிப்பெட்தான் மரக்கால். குடுவை சாக்கு. தண்ணி ஊத்திக் கழுவு, போதும்."

எதற்காக அலசுகிறோம் என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கியது. இன்று வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பையன்களுக்கு அதே சாக்கையும் மரக்காலையும்தான் சொல்கிறேன்.

மறுபடி ஆரம்பித்தேன். மழை இருட்டில் நிறம் சரியாகத் தெரியவில்லை. நிறம் வருவதைவிடப் போவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அட்டெண்டர் அண்ணன் வெள்ளை ஓடு ஒன்றைக் குடுவைக்கு அடியில் நகர்த்தி வைத்தார். 19.3 தாண்டியதும் லேசான ரோஸ் மட்டும் மிச்சம். இன்னொரு முழுச் சொட்டு விடப் பயம். அவர்தான் காட்டிக் கொடுத்தார்: திருகைக் கொஞ்சமாகத் திறந்து, அரைச் சொட்டு முனையில் தொங்கும்போதே குடுவையின் உள்பக்கத்தில் ஒற்றி எடுத்து, வாஷ் பாட்டிலால் பீய்ச்சி உள்ளே இறக்கணும். செய்து, குடுவையைச் சுழற்றினேன். ஓடு வெள்ளை, கரைசல் தண்ணீர்.

கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய், பியூரெட்டில் அமில மட்டத்தின் அடிவளைவைப் பார்த்து எழுதினேன்: 19.4. அடுத்த முறையும் 19.4. சார் சிவப்பு மையில் கோடு போட்டு ஓரத்தில் கையெழுத்து வைத்தார். அந்த அப்சர்வேஷன் நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.