ஓட்டு போட்டவர் நாளைக்கும் உள்ளே இருப்பாரா?

கிரிப்டோ டோக்கனை யாரிடம் டெலிகேட் செய்வது, அதாவது நம் பெயரில் செயல்பட யாரை நியமிப்பது என்று யோசிக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது, பரிசில் அவர் எடுத்துக்கொள்ளும் கமிஷன். அப்புறம் ஆளின் பெயர். பிரபலமானவரா, ட்விட்டரில் நன்றாகப் பேசுகிறாரா, பட்டியலில் மேலே இருக்கிறாரா என்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் பிளாக்செயின் கவர்னன்ஸில், அதாவது டோக்கன்காரர்கள் ஓட்டு போட்டு முடிவெடுக்கும் முறையில், இதுவரை நடந்த பெரிய கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், 'கெட்டவனைத் தெரியாமல் நம்பிவிட்டார்கள்' என்று முடிகிற கதை குறைவு. முடிவெடுத்தவர் ஒருவர், அதன் விளைவோடு மாட்டிக்கொண்டவர் இன்னொருவர். பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. அதனால் ஆள் நல்லவரா என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். இவர் ஓட்டு போட்டபின் எவ்வளவு காலம் உள்ளேயே இருந்தாக வேண்டும், அந்த முடிவின் கேடு வந்து சேர்வதற்குள் இவரால் வெளியே போய்விட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

டெலிகேஷன் என்று ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து நெட்வொர்க்கைப் பாதுகாக்கும் வேலிடேட்டரின் பின்னால் உங்கள் ஸ்டேக்கை, அதாவது பிணையாக வைக்கும் டோக்கன்களை, நிறுத்துவது. மற்றொன்று, முன்மொழிவுகளில் ஓட்டு போடும் உரிமையைக் கொடுப்பது. யூனிஸ்வாப் (டோக்கன் பரிமாற்றத் தளம்), காம்பவுண்ட் (கடன் தளம்) மாதிரி இடங்களில் இரண்டாவது மட்டும்தான். காஸ்மாஸ் பிளாக்செயினில் இரண்டும் ஒன்றாகவே போகும்; நீங்களாக ஓட்டு போடாவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்த வேலிடேட்டர் போடும் ஓட்டே உங்கள் ஓட்டு. 'வருஷத்துக்கு இவ்வளவு வட்டி' என்று கணக்குப் பார்த்து ஸ்டேக் செய்த ஒருவர், தனக்கே தெரியாமல் ஒரு அரசியல் பிரதிநிதியையும் நியமித்துவிடுகிறார்.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 2020இல் ஸ்டீம் என்ற சமூக ஊடக பிளாக்செயினில் நடந்ததைப் படிக்கலாம். ஸ்டீமில் பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) உருவாக்கும் முதல் 20 விட்னஸ்களை டோக்கன்காரர்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் தன் முழு ஸ்டேக்கையும் வைத்து ஒரே சமயத்தில் 30 பேருக்கு ஓட்டு போடலாம், ஒவ்வொருவருக்கும் முழு எடை. இந்த ஒரு விதி போதும், மற்ற எல்லோரையும் விட அதிக ஸ்டேக் வைத்திருக்கும் ஒரு கூட்டணி 20 இடங்களையும் ஒருசேரப் பிடித்துவிடலாம்; எதிர்த்தரப்புக்கு ஒரு இடம்கூட மிஞ்சாது. இதை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தின் கையில் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்ட பெரிய அளவு டோக்கன் இருந்தது. அதை வளர்ச்சிக்குத்தான் பயன்படுத்துவோம், ஓட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். கோடில் அப்படி எதுவும் இல்லை. 2020 பிப்ரவரியில் டிரான் என்ற வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் அந்த நிறுவனத்தை வாங்கியதும், பயந்துபோன பழைய விட்னஸ்கள் சாஃப்ட் ஃபோர்க் என்ற விதி மாற்றம் ஒன்றைப் போட்டு அந்த ஸ்டேக்கை முடக்கினார்கள்.

மார்ச் 2ஆம் தேதி பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள், வாடிக்கையாளர்கள் வைப்பில் வைத்திருந்த ஸ்டீம் டோக்கன்களையே ஸ்டேக் செய்து சன் தரப்புக்கு ஓட்டு போட்டன. சில மணி நேரத்தில் முதல் 20 இடங்களும் கைமாறின. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அது இதுதான். இது வழக்கமான மேம்படுத்தல் என்று நினைத்தே சம்மதித்ததாகப் பைனான்ஸின் அன்றைய தலைவர் சாங்பெங் ஷாவ் பிறகு விளக்கம் சொன்னார், ஓட்டையும் திரும்பப் பெற்றார்கள். உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ஸ்டீமில் ஸ்டேக் செய்ததை வெளியே எடுக்க 13 வாரம் ஆகும், வாரம் ஒரு பகுதியாகத்தான் வரும். அவசரப்பட்டு ஓட்டு போடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. அந்தப் பூட்டு விழுந்தது வாடிக்கையாளரின் டோக்கன் மீது, ஓட்டு போட்டதோ எக்ஸ்சேஞ்ச். பழைய சமூகம் மார்ச் 20 அன்று ஹைவ் என்று தனியாகப் பிரிந்து போனது, ஸ்டீமிட்டின் அந்தப் பழைய ஸ்டேக்கைப் புதிய செயினில் சேர்க்காமலே. மே மாதம் ஸ்டீமிலும் ஒரு ஃபோர்க் நடந்து, எதிர்த்த சிலருடைய கணக்குகளில் இருந்த டோக்கன்கள் பறிபோயின. இரண்டு தரப்பும் பிடிக்காதவர்களின் சொத்தில் கை வைத்தன என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

உள்ளே இருக்க வேண்டிய காலம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரல் 17 அன்று பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ தளத்தில் நடந்த சம்பவம். ஒருவர் முதல் நாளே முன்மொழிவைப் போட்டுவிட்டு, மறுநாள் ஃபிளாஷ் லோனில் (ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பிவிட வேண்டிய பிணையில்லாக் கடன்) சுமார் 100 கோடி டாலர் கடன் வாங்கி, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டைப் பிடித்து, அவசரகால விதியைப் பயன்படுத்தி முன்மொழிவை அப்போதே நிறைவேற்றி, கருவூலத்தைக் காலி செய்து, கடனையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் நடந்ததெல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள். தளத்துக்கு நஷ்டம் சுமார் 18 கோடி டாலர். இதில் யாரும் யாரையும் நம்பவே இல்லை, அதனால் நம்பிக்கைத் துரோகம் என்றுகூடச் சொல்ல முடியாது. அடுத்த பிளாக்கில் ஒரு டோக்கன்கூட வைத்திருக்கத் தேவையில்லாத ஒருவருக்கு விதி ஓட்டு கொடுத்தது.

ஃபிளாஷ் லோனைத் தடுப்பது சுலபம், முன்மொழிவு தொடங்கும் பிளாக்கில் யார் கையில் எவ்வளவு இருந்தது என்று எடுத்துக்கொண்டால் போதும். ஓட்டை வாடகைக்கு விடுவதைத் தடுப்பதுதான் கஷ்டம். 2025 ஏப்ரலில் ஆர்பிட்ரம் டாவோவில் (ஆர்பிட்ரம் நெட்வொர்க்கின் டோக்கன்காரர்கள் சபை) ஒரு மேற்பார்வைக் குழுத் தேர்தலுக்கு, லாபிஃபை என்ற தளம் மூலமாக 5 ஈத்தர் கொடுத்து சுமார் 1.93 கோடி ஏஆர்பி டோக்கன்களின் ஓட்டுரிமையை ஒருவர் வாங்கினார். அந்த டோக்கன்களின் சந்தை மதிப்பு பல லட்சம் டாலர். வாடகையோ பத்தாயிரம் டாலருக்குப் பக்கம். ஏன் இவ்வளவு மலிவு என்று ஆச்சரியப்படத் தேவையில்லை. சின்ன டோக்கன்காரருக்குத் தன் ஒரு ஓட்டு முடிவை மாற்றாது என்று தெரியும், அதனால் யார் என்ன கொடுத்தாலும் அவருக்கு லாபம். அவரைப் போன்ற ஆயிரம் பேரின் ஓட்டு ஒன்றாகச் சேரும்போது மட்டும் அதற்கு மதிப்பு வருகிறது, அந்த மதிப்பு வாங்குபவருக்குப் போகிறது. டோக்கனின் விலை ஏற்ற இறக்கம் ஒருவரிடம், அதன் ஓட்டு இன்னொருவரிடம்.

'அதற்குத்தானே ஸ்லாஷிங், தவறு செய்தால் ஸ்டேக்கை வெட்டும் தண்டனை, இருக்கிறது' என்று யாராவது சொல்வார்கள். காஸ்மாஸின் முக்கியச் செயினான காஸ்மாஸ் ஹப்பில் ஒரு வேலிடேட்டர் ஒரே உயரத்தில், அதாவது செயினின் ஒரே வரிசை எண்ணில், இரண்டு பிளாக்குகளில் கையெழுத்துப் போட்டால் ஸ்டேக்கில் 5 சதவீதம் போகும், நீண்ட நேரம் செயல்படாமல் கிடந்தால் 0.01 சதவீதம். டெலிகேட் செய்தவர்களின் டோக்கனும் சேர்ந்தே வெட்டப்படும். நல்ல ஏற்பாடு, ஆனால் அது தண்டிப்பது கணித ரீதியாக நிரூபிக்கக்கூடிய தவறை மட்டும். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். மோசமான முன்மொழிவுக்கு ஓட்டு போட்டதை எந்த ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டும் (செயினில் தானாக இயங்கும் நிரல்) நிரூபிக்காது. அதனால் வேலிடேட்டர் தன் சர்வரைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குத் தன் ஓட்டைப் பற்றிக் கவலைப்பட எந்தக் காரணமும் இல்லை.

ஓட்டு வேலிடேட்டரின் வருமானத்தைத் தொடும்போது இது வெளியே தெரியும். 2023 நவம்பரில் காஸ்மாஸ் ஹப்பில் 848ஆம் முன்மொழிவு: அதன் ஆட்டம் டோக்கனின் உச்சப் பணவீக்கத்தை, அதாவது வருஷத்துக்குப் புதிதாக அச்சிடக்கூடிய அளவை, 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைப்பது. வேலிடேட்டரின் வருமானமே அந்தப் பணவீக்கத்திலிருந்து வரும் பரிசுகளில் எடுக்கும் கமிஷன்தான். சிறிய வேலிடேட்டர்களுக்கு அது சர்வர் செலவைக் கட்டும் பணம். டெலிகேட் செய்தவருக்கோ தன் பங்கு நீர்த்துப்போகாமல் இருப்பது நல்லதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரே ஓட்டில் இரண்டு நலன்கள், எழுதுவது வேலிடேட்டரின் கை. சிறு வித்தியாசத்தில் நிறைவேறியது. டெலிகேட் செய்தவர் வேலிடேட்டரின் ஓட்டை மீறித் தானே ஓட்டு போடலாம், வேறு வேலிடேட்டருக்கும் உடனே மாறலாம், அது காஸ்மாஸின் பலம். ஆனால் முடிவே பிடிக்கவில்லை, மொத்தமாக வெளியேறுகிறேன் என்றால் ஸ்டேக்கை விடுவிக்கும் அன்பாண்டிங் 21 நாள். ஓட்டெடுப்பு 14 நாள். ஓட்டெடுப்பு தொடங்கிய அன்றே கிளம்பினாலும் முடிவு வந்த பிறகுதான் வெளியே வருவீர்கள்.

கமிஷன் பற்றி ஒரு வார்த்தை. பூஜ்யம் என்று போட்டிருப்பவர் வேறு எங்கிருந்தோ சம்பாதிக்கிறார், அது எங்கிருந்து என்று தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. காஸ்மாஸ் ஹப் பின்னர் குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று விதியே போட்டது. சோலானா பிளாக்செயினில் சில வேலிடேட்டர்கள் எபாக் (பரிசைக் கணக்கிடும் சுற்று) முடியும் நேரத்தில் கமிஷனை 100க்கு ஏற்றிப் பரிசு முழுவதையும் எடுத்துக்கொண்டு மறுபடி இறக்கிய சம்பவங்கள் உண்டு. கமிஷன் வரலாற்றைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் பூட்டி வைத்துவிடலாமே? போல்காடாட் பிளாக்செயினில் டோக்கனைப் பூட்டாமல் போட்டால் ஓட்டின் எடை 0.1 மடங்கு, 224 நாள் பூட்டினால் 6 மடங்கு. பொறுத்திருக்கத் தயாரானவருக்குக் குரல் அதிகம் என்ற இந்த யோசனை எனக்குப் பிடிக்கும். கர்வ் என்ற டோக்கன் பரிமாற்றத் தளம் இன்னும் தூரம் போய் நான்கு வருஷம் வரை பூட்டச் சொன்னது. உடனே கான்வெக்ஸ் என்ற தளம் வந்தது. உங்களிடம் உள்ள கர்வின் சிஆர்வி டோக்கனை அவர்கள் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டு, பதிலுக்குச் சந்தையில் விற்கக்கூடிய வேறொரு டோக்கனைத் தருவார்கள். பூட்டு பூட்டாகவே இருக்கிறது, பூட்டியவர் மட்டும் வெளியே நடந்து போய்விட்டார். சேர்ந்த ஓட்டுகளுக்கு வோட்டியம் போன்ற தளங்களில் வெளிப்படையாகவே விலை போனது.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒரு கதையும் உண்டு. 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, காம்பவுண்டில் 289ஆம் முன்மொழிவு 6,82,191க்கு 6,33,636 என்று வென்றது. கருவூலத்திலிருந்து 4,99,000 காம்ப் டோக்கன்கள், அன்றைய மதிப்பில் சுமார் 2.4 கோடி டாலர், கோல்டன் பாய்ஸ் என்ற குழு நடத்தும் திட்டத்துக்குப் போக வேண்டும் என்பது அது. இவர்கள் கடன் வாங்கியவர்கள் இல்லை, டோக்கனைச் சேர்த்து வைத்து ஓட்டு போட்டவர்கள், விலை விழுந்தால் அவர்களுக்கும் நஷ்டம். அப்புறம் எப்படி? கணக்கு எளிது. மொத்த டோக்கனில் 5 சதவீதம் வைத்திருப்பவர் கருவூலத்திலிருந்து 100 டாலரைத் தன் பக்கம் திருப்பினால் வரவு 100, கருவூலம் இளைத்ததில் அவர் பங்குக்கு நஷ்டம் 5. பங்கு 40 சதவீதம் ஆனாலும் 60 லாபம். ஆக, உள்ளே மாட்டியிருப்பது அவசியம், ஆனால் போதாது; முடிவின் பலன் ஒருவருக்கு மட்டும் போகும் முன்மொழிவில் அது உதவவே உதவாது. எதிர்ப்பு கிளம்பியதும் சமரசம் பேசி அந்த முன்மொழிவை ரத்து செய்தார்கள். வித்தியாசம் ஐம்பதாயிரம் ஓட்டுக்கும் குறைவு என்பதைக் கவனித்தால், ஓட்டுரிமையை வாங்கி வைத்துக்கொண்டு அந்த வாரம் வராமல் போன டெலிகேட்டுகள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

இதுவரை வந்த ஏற்பாடுகளில் சரியான திசையில் போவதாக நான் நினைப்பது லிடோ என்ற ஈத்தர் ஸ்டேக்கிங் தளம் 2025இல் கொண்டுவந்த இரட்டை ஆட்சிமுறை. லிடோவில் ஓட்டு எல்டிஓ டோக்கன்காரர்களிடம், ஈத்தரைப் போட்டு அதற்கு ரசீது போன்ற எஸ்டிஈத் டோக்கனை வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. பணம் ஒருவருடையது, அதிகாரம் வேறொருவருடையது, ஆரம்பத்திலிருந்தே. இப்போது மொத்த எஸ்டிஈத்தில் 1 சதவீதம் எதிர்ப்பாகச் சேர்ந்தால் முடிவு அமலாவது தள்ளிப்போகும். 10 சதவீதம் சேர்ந்தால், எதிர்ப்பவர்கள் தங்கள் ஈத்தரை எடுத்துக்கொண்டு வெளியேறி முடியும்வரை எதுவும் அமலாகாது. ஓட்டு போடுபவரை உள்ளே கட்டிப்போட முயலாமல், பாதிக்கப்படுபவருக்கு முதலில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கட்டிப்போடுவதற்கு எப்படியும் ஒரு கான்வெக்ஸ் வந்துவிடும். கதவைத் திறந்து வைப்பதை ஏமாற்றுவது அவ்வளவு எளிதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல முடிவுகளும் தாமதமாகும் என்பது உண்மை. ஆயிரக்கணக்கான கோடி டாலர் கிடக்கும் இடத்தில் அந்தத் தாமதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கார்டானோ பிளாக்செயின் வேறு வழியில் முயல்கிறது. 2025 ஜனவரி பிளோமின் என்ற விதி மாற்றத்துக்கு (ஃபோர்க்) பிறகு, ஒரு டிரெப்பை (ஓட்டுப் பிரதிநிதியை)த் தேர்ந்தெடுக்காமல் ஸ்டேக்கிங் பரிசை எடுக்கவே முடியாது. 'எப்போதும் விலகியிருக்கிறேன்' என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். பரிசு வேண்டும், அரசியல் வேண்டாம் என்பவருக்கு அது ஒரு கிளிக். அதைக் கிண்டல் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ அது நேர்மையான பெட்டியாகத்தான் தெரிகிறது. காஸ்மாஸில் அதே ஆளின் அக்கறையின்மை வேலிடேட்டரின் ஓட்டாக எண்ணப்படுகிறது, இங்கே அக்கறையின்மையாகவே எண்ணப்படுகிறது.

ஆளைப் பொறுத்தவரை, டெலிகேட் செய்வதற்கு முன் நான் இப்போது தேடுவது ஒன்றே ஒன்று: இந்த ஆள் தன் வருமானம் குறையும் ஒரு முன்மொழிவுக்கு ஆதரவாக எப்போதாவது ஓட்டு போட்டிருக்கிறாரா. 848 மாதிரி ஓட்டெடுப்புகள் இதற்கு வசதியானவை, பதிவு செயினிலேயே இருக்கிறது, காரணத்தையும் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. எதிர்த்து ஓட்டு போட்டு, 'என் சர்வர் செலவு இதில்தான் ஓடுகிறது' என்று வெளிப்படையாகச் சொன்ன வேலிடேட்டரையும் நான் ஒதுக்குவதில்லை. எல்லா முன்மொழிவுக்கும் ஆதரவு என்று குத்திக்கொண்டே போகிற கணக்குகளைத்தான் முதலில் விலக்குகிறேன், கமிஷன் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.