தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்

நாய்க்குட்டி வாங்க விரும்பும் நண்பர்கள், விலை பேசுவதற்கு முன் தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள், மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இத்தொழிலை நடத்தக் கூடாது. பெண் நாய் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேலோ, வாழ்நாளில் 5 முறைக்கு மேலோ ஈனக் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது. இருந்தும், கம்பிவலைத் தரையில் நின்று நின்று பாதம் புண்ணாகி, மடி தொங்கிப்போய், ஒரு ஈற்றின் களைப்பு ஆறுவதற்குள் அடுத்ததற்குத் தள்ளப்படும் தாய்கள் இருக்கவே செய்கின்றன. நமக்கு வருவதோ கழுத்தில் ரிப்பன் கட்டிய குட்டியின் புகைப்படம் மட்டுமே.

பால்குடி மறக்குமுன் பிரிக்கப்பட்டு, தடுப்பூசியும் போடப்படாத அக்குட்டிகளில் பல, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ என்ற வைரஸ் நோயில் துடித்துச் சாகின்றன. சென்னை வெயிலில், பனிநாட்டு நாயான சைபீரியன் ஹஸ்கி வேண்டும் என்று கேட்கும் நம் ஆசைதான் இந்த வியாபாரத்தின் முதலீடு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.