ஏரி மறுபடி பச்சையாகிவிட்டது

வெயில் ஏறியதும் எங்கள் பகுதி ஏரி மறுபடி பச்சையாகிவிட்டது. "பாசிதானே, மழை வந்தா சரியாயிடும்" என்கிறார் தினமும் அங்கே நடக்க வரும் அண்ணன் ஒருவர். அப்படி விட்டுவிட முடியாது.

கரையோரம் ஒரு நீளக் குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்ட் மாதிரி அப்பிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது ஒரு பாக்டீரியா. கையால் தொடாதீர்கள். அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. மாடு, நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாசிக்குத் தீனி போடுவது நம் சாக்கடையில் வரும் பாஸ்பரஸ். 1973இல் கனடாவில் ஆய்வுக்காக 226ஆம் எண் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பன், நைட்ரஜன் கலந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸும். அந்தப் பக்கம்தான் பச்சையானது.

கொரட்டூர், செம்பாக்கம், வேளச்சேரி... கழிவுநீர் கலந்த ஏரிகள் சென்னைப் பக்கம் எத்தனை! இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், செத்த பாசியை மக்கவைக்கும் கிருமிகளும் இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவது அதனால்தான். மழை வந்து தண்ணீர் மாறினாலும் சேற்றில் படிந்த பாஸ்பரஸ் அடுத்த கோடையில் மறுபடி கசியும்.

ஆகாயத்தாமரையை அள்ளி, நடைபாதை போட்டால் போதாது. மழைநீர்க் கால்வாயில் திருட்டுத்தனமாகக் கொடுத்த கழிவுநீர் இணைப்புகளை முதலில் துண்டிக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒன்று தெரிந்தால் சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள்.